கீழ்க்கரையிலிருந்து பார்த்த வியாழன்கள்

மட்டக்களப்பு வாவியின் கரைகளுக்கு ஊரார் சூரியனைப் பார்த்தே பெயர் வைத்திருக்கிறார்கள். கடலோரப் பக்கம் எழுவான்கரை. வயலும் காடுமாக விரியும் மேற்குப் பக்கம் படுவான்கரை. ஏறத்தாழ 56 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் இந்த வாவி, பூமத்திய ரேகைக்கு வடக்கே எட்டுப் பாகைக்குள் அமைந்திருக்கிறது. அந்த இருப்பிடத்தால் வந்த லாபம் பெரியது. வடக்கே துருவ நட்சத்திரம் தென்னந்தலைகளை ஒட்டினாற்போல் தாழ நிற்கும். சித்திரை, வைகாசி இரவுகளில் தெற்கே பார்த்தால் தென்சிலுவை நிமிர்ந்து நிற்கும். லண்டன்காரருக்கு முன்னது மட்டும்தான் வாய்க்கும், சிட்னிக்காரருக்குப் பின்னது மட்டும்தான். கல்லடிப் பாலத்தில் காற்று வாங்க நிற்பவருக்கு இரண்டும் உண்டு.

வெறும் கண்ணுக்கு அகப்படும் ராட்சதக் கோள்கள் இரண்டு: வியாழன், சனி. தமிழ்க் கரைகளில் கடலுக்குப் போகிறவர்கள் ‘செட்டியை ஏய்த்த வெள்ளி’ என்று ஒன்றைச் சொல்வதுண்டு. விடிவெள்ளிக்கு முன்பே எழுந்து, விடிந்துவிட்டதாக நம்பவைத்து, பாவப்பட்ட வியாபாரியை நடுச்சாமத்தில் பயணம் கிளப்பிவிட்ட வெள்ளி அது. நன்றாக ஒளிரும் காலத்து வியாழனுக்கு அந்த வேலை கைவந்த கலை. கோயில் பக்கம் வந்தால் அதே வியாழன் குருவாகிவிடும். குருப்பெயர்ச்சி என்றைக்கு என்பதில் வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் இன்றுவரை ஒத்துப்போவதில்லை. அந்த இழுபறியின் ஒரு நுனி சென்னை வானாய்வு நிலையத்தில் இருக்கிறது. அதற்குப் பிறகு வரலாம்.

முதலில் 1848. இலங்கையின் காலனித்துவச் செயலாளராக இருந்த சர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் அந்த ஆண்டு மட்டக்களப்புக்கு வந்தார். வாவியின் அடியிலிருந்து இசை வருகிறதென்று கேள்விப்பட்டு, இரவில் தோணியேறிப் போனார். நீருக்குள்ளிருந்து மெல்லிய, தெளிவான நாதங்கள் எழுந்தன. ஒரே சுரம் நீண்டு ஒலிக்கவில்லை; சின்னச் சின்னதாகப் பல ஒலிகள், ஒவ்வொன்றும் தனித்தனியாக. தோணியின் மரத்தில் காதை வைத்தால் ஒலி கூடியது. இடம் மாறினால் குறைந்தது, சில இடங்களில் அறவே இல்லை. பாடுவது எது என்று கேட்டபோது, கூட வந்த மீனவர்கள் ஊரி என்ற நீர்நத்தையைக் காட்டினார்கள். பிற்காலத்தில் ‘பாடும் மீன்’ என்ற பெயர் நிலைத்து, ஊரின் அடையாளமாகவே ஆகிவிட்டது. 1950களில் புனித மிக்கேல் கல்லூரியின் அமெரிக்க இயேசு சபைத் துறவி லாங் அந்த ஒலியைப் பதிவு செய்தார். ஒலி மெய். பாடுவது மீனா, ஊரியா என்பதில்தான் வாதம்.

விளைவு தெரிகிறது, செய்பவரைக் காணோம். இதே வகைச் சிக்கல் அப்போது வானவியலாருக்கும் இருந்தது. டெனன்ட் மட்டக்களப்பு வந்த அதே 1848இல், கடலுக்கு அப்பால் சென்னை நுங்கம்பாக்கத்தில், கிழக்கிந்தியக் கம்பனியின் பம்பாய்ப் பொறியாளர் படையைச் சேர்ந்த கப்டன் வில்லியம் ஸ்டீபன் ஜேக்கப் வானாய்வு நிலையத்தின் பொறுப்பை ஏற்றார். வேறொரு சூரியனை ஒரு கோள் சுற்றுகிறது என்று அளவுகளைக் காட்டி முதலில் சொன்னவர்களில் அவர் முன்வரிசைக்காரர். அதைத் தமிழ்நாட்டு மண்ணிலிருந்து சொன்னார் என்பது ஏனோ பாடநூல்களில் ஏறவில்லை.

நுங்கம்பாக்க நிலையம் அப்போதே பழசு. 1786இல் எழும்பூரில் வில்லியம் பெட்ரி என்ற கம்பனி அதிகாரி தன் சொந்தச் செலவில் தொடங்கியதை அரசு எடுத்துக்கொண்டது. 1792இல் மைக்கேல் டாப்பிங் நுங்கம்பாக்கத்தில் கட்டடம் எழுப்பினார். கருவி அசையாதிருக்க நட்ட பத்து டன் கருங்கல் தூண் இன்றும் அங்கே வானிலை ஆய்வு மைய வளாகத்தில் நிற்கிறது. அதன் மேல் தமிழ் உட்படப் பல மொழிகளில் கல்வெட்டு உண்டு. ஜேக்கப்புக்கு முன்பிருந்த டி.ஜி. டெய்லர், 11,015 நட்சத்திரங்களின் இருப்பிடங்களை அளந்து 1844இல் பட்டியலாக வெளியிட்டார். மேல்நாட்டு வானவியலார் மெச்சிய வேலை அது. அளப்பவர், குறிப்பவர், கணக்குப் போடுபவர் என்று உள்ளூர் உதவியாளர்கள் பலர் உழைத்த இடம். அவர்களில் வெளியுலகம் பெயர் சொல்லி அறிந்தவர் ஏறத்தாழ ஒருவர்தான்: சிந்தாமணி இரகுநாதாச்சாரி. பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்திலிருந்து வந்தவர். 1867இல் ஆர் ரெட்டிகுலி என்ற மாறொளி நட்சத்திரத்தைக் கண்டறிந்தார். 1872இல் அரச வானவியல் கழகத்தின் உறுப்பினரானார். கண்ணால் பார்த்து அளந்ததோடு ஒத்துவரும் திருக்கணித பஞ்சாங்கத்துக்காக வாதாடியவரும் அவரே. மேலே சொன்ன இழுபறியின் நுனி இதுதான்.

ஜேக்கப் பிடித்துக்கொண்டது 70 ஒபியூக்கி என்ற மங்கலான நட்சத்திரத்தை. மட்டக்களப்பிலிருந்து அதைக் காண ஆடி மாதம் தோது. மாமாங்கேஸ்வரர் கோயிலில் ஆடி அமாவாசைத் தீர்த்தம் முடிந்து கூட்டம் கலையும் இரவில், ஒன்பது பத்து மணிக்கு அண்ணாந்து பார்த்தால் ஏறத்தாழ உச்சியிலேயே நிற்கும். தெற்கே செந்நிறமாய் கேட்டை, கிழக்கே வெண்மையாய் திருவோணம். இரண்டுக்கும் நடுவே, சற்று வடக்கே தள்ளித் தேட வேண்டும். தெரு விளக்கு இல்லாத இடமாக இருந்தால் நல்லது. வெறும் கண்ணுக்கு ஒற்றைப் புள்ளி, தொலைநோக்கியில் இரண்டு. இரண்டும் சூரியனைவிடச் சற்றுக் குளிர்ந்த, ஆரஞ்சு நிறச் சூரியன்கள். பெரியதற்கு நம் சூரியனின் எடையில் பத்தில் ஒன்பது பங்கு. ஒன்றையொன்று சுற்றிவர 88 ஆண்டு எடுக்கும். தூரம் 16.6 ஒளியாண்டு, அதாவது அண்டைவீடு.

இந்த இரட்டையை 1779இல் வில்லியம் ஹெர்ஷல் குறித்துவைத்தார். அதன்பின் ஐரோப்பாவில் பலர் அதன் இருப்பை அளந்துகொண்டே வந்தார்கள். 1855க்குள் ஒரு முழுச் சுற்றில் பெரும்பகுதி கணக்கில் வந்துவிட்டது. ஜேக்கப் பழைய அளவுகளையும் சென்னையில் தாம் எடுத்த அளவுகளையும் அடுக்கிப் பார்த்தார். கணக்கு சொல்லும் இடத்தில் சின்ன நட்சத்திரம் நிற்கவில்லை. ஒரு காலம் இந்தப் பக்கம் விலகியது, இன்னொரு காலம் அந்தப் பக்கம். கண்ணுக்குத் தெரியாத கோள் ஒன்று அதை இழுக்கிறது என்று கொண்டால் பிசகு சரியாகிவிடும். அப்படி ஒன்று இருக்கவே கூடும் என்று எழுதி, அரச வானவியல் கழகத்தின் மாத இதழுக்கு அனுப்பினார். 1855இல் அது அச்சேறியது.

வழிமுறையில் பழுதில்லை. யுரேனஸ் கணக்குத் தவறி நடந்ததைக் கொண்டே, 1846 செப்டம்பரில் நெப்டியூன் கண்டுபிடிக்கப்பட்டது. லெ வெரியே கணக்குப் போட, பெர்லினில் யோஹான் காலே பார்த்தார். 1844இல் பெசெல், சிரியஸ் நட்சத்திரம் ஆடி ஆடிப் போவதைப் பார்த்து அதற்குக் காணாத துணை ஒன்று உண்டு என்றார். 1862 ஜனவரியில் அமெரிக்காவில் ஆல்வன் கிரஹாம் கிளார்க் அந்தத் துணையைத் தொலைநோக்கியில் கண்டேவிட்டார். ஜேக்கப்பின் காலில் இடறியது அளவின் நுணுக்கம். இரண்டு புள்ளிகளுக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒரு பாகையின் 3600இல் சில பங்குதான். அதிலும் ஒரு துண்டை, வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு கருவிகளில், வெவ்வேறு கண்கள் அளந்திருந்தன. ஒருவரின் கண் வழக்கமாகச் சற்றுக் கூட்டியோ குறைத்தோ அளந்தாலே போதும், வானத்தில் இல்லாத கோள் தாளில் முளைத்துவிடும்.

அது முளைத்து முளைத்து மறைந்தது. 1890களில் அமெரிக்கர் டி.ஜே.ஜே. சீ, தாமும் அதே நட்சத்திரத்தில் கரிய துணை ஒன்றைக் கண்டதாக அறிவித்தார். 1899இல் ஃபாரஸ்ட் ரே மோல்டன் அப்படியொரு அமைப்பு நிலைத்திருக்கவே முடியாது என்று கணக்கில் காட்டினார். சீ சீறி எழுதிய பதிலுக்குப் பின், மோல்டனின் கணக்கை வெளியிட்ட அமெரிக்க வானவியல் இதழின் பக்கங்கள் அவருக்கு மூடிக்கொண்டன. 1943இல் ரெயில், ஹோல்ம்பெர்க் என்ற இருவர் மறுபடியும் ஒரு கோளைச் சொன்னார்கள். 2006இல் டெக்சஸின் மெக்டொனால்ட் வானாய்வகம் வெளியிட்ட முடிவு கதையை ஏறக்குறைய முடித்துவைத்தது: அந்த நட்சத்திரத்துக்கு, நம் வியாழன் இருக்கும் தூரத்துக்குள், வியாழனில் பாதி முதல் பன்னிரண்டு மடங்கு வரையான எடையில் கோள் எதுவும் இல்லை.

ஜேக்கப் இவற்றில் எதையும் அறியமாட்டார். சென்னையில் அவர் உடல் தேறவேயில்லை. இருந்தும் 1852இல், சனியின் உள்வளையம் கண்ணாடிபோல் ஊடுருவித் தெரிவதை, இங்கிலாந்தின் லாசெலும் அவரும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் கவனித்தார்கள். 1859இல் பதவி விலகினார். பூனா மலைப்பக்கத்தில் புதிய வானாய்வகம் அமைக்க, ஒன்பது அங்குலத் தொலைநோக்கியோடு 1862 ஆகஸ்ட் 8ஆம் தேதி பம்பாயில் வந்து இறங்கியவர், 16ஆம் தேதி பூனாவில் காலமானார். வயது 50 ஆகவில்லை.

இங்கே கதை கடலைத் தாண்டி நம் கரைக்கு வருகிறது. அடுத்தவரும் பொறியாளர் படைக்காரர்தான். வாவியிலிருந்து கடலோரமாக வடக்கே போனால் திருகோணமலை; அன்று பிரித்தானியக் கடற்படையின் பெருந்துறைமுகம். அங்கே பணியிலிருந்தவர் மேஜர் பெர்சி பிரேபுரூக் மோல்ஸ்வர்த். 1867இல் கொழும்பில் பிறந்தவர். தந்தை கில்ஃபர்ட் மோல்ஸ்வர்த், இலங்கை ரயில்வேயின் தலைமையில் இருந்த பொறியாளர். பொறியாளர்கள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்த சூத்திரக் கையேடு அவருடையது. மகனுக்குப் பகலில் அரண் வேலை, இரவில் 12½ அங்குலக் கண்ணாடித் தொலைநோக்கி. அது ஜார்ஜ் கால்வர் செய்தது.

மோல்ஸ்வர்த் பார்த்தது தொலைவுச் சூரியனின் கோளை அல்ல, நம் சூரியனின் வியாழனை. ஆனால் அவர் பார்த்த காலமும் இடமும் ஒன்றுக்கொன்று அச்சாகப் பொருந்தின. 1900இல் வியாழன் விருச்சிகத்தில் இருந்தது, 1901இல் தனுசில். இரண்டும் தென்வானத்து ராசிகள். இங்கிலாந்தில் அந்த வருடங்களில் வியாழன் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 18 பாகைக்கு மேல் ஏறவில்லை. கூரைப் புகைக்கும் காற்றின் நடுக்கத்துக்கும் இடையில் அது பாகு போல் கலங்கித் தெரிந்திருக்கும். திருகோணமலையில் அதே கோள் 60 பாகை உயரம் ஏறியது. இன்னொன்று, வைகாசி, ஆனி மாதங்களில்தான் அது பூமிக்கு மிக அருகில் வந்தது. கொழும்பில் அப்போது தென்மேற்குப் பருவ மழை. கிழக்கில் கச்சான் காற்று அடிக்கும் கோடை, வானம் துடைத்துவிட்டாற்போல் இருக்கும். மலைத்தொடரின் இந்தப் பக்கம் இருப்பதே ஒரு கருவிதான்.

வேலை என்னவோ கேட்பதற்குச் சலிப்பானது. வியாழன் தன்னைத் தானே சுற்ற ஒன்பது மணி 55 நிமிடம்தான் எடுக்கிறது. வட்டத்தின் நடுவே மேலிருந்து கீழாகக் கோடொன்று இருப்பதாக மனதில் போட்டுக்கொள்ள வேண்டும். ஒரு கரும்புள்ளியோ வெண்திட்டோ கிழக்கிலிருந்து நகர்ந்து வந்து அந்தக் கோட்டைத் தொடும் நிமிடத்தைக் கடிகாரம் பார்த்து எழுத வேண்டும். அடுத்த திட்டு வரும். எழுது. அதற்கடுத்தது வரும். எழுது. ஓர் இரவில் முகம் ஏறத்தாழ முழுக்கச் சுற்றி வந்துவிடும். சில நாள் கழித்து அதே திட்டு மறுபடி வரும்போது எத்தனை நிமிடம் முந்தியது, பிந்தியது என்று பார்த்தால், அந்த மேகப்பட்டையின் காற்றோட்ட வேகம் கிடைக்கும். 1900ஆம் ஆண்டில் மட்டும் மோல்ஸ்வர்த் இப்படி ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட குறிப்புகளை எழுதினார். ஒற்றை ஆளாக, உத்தியோகத்துக்குப் பிறகு. ஒரு தனி மனிதர் ஒரே ஆண்டில் வியாழனை இவ்வளவு அளந்தது அதுவரை கேள்விப்படாத கணக்கு.

பலன் 1901 பிப்ரவரி 28ஆம் தேதி கிடைத்தது. வியாழன் அப்போது விடியலுக்கு முன் கிழக்கே எழும் காலம். பெருஞ்சிவப்புப் புள்ளி இருக்கும் அதே குறுக்குக் கோட்டில், வெளிறிய பட்டையின் மேல் புதிதாக ஒரு கருமை தெரிந்தது. நாளாக ஆக அது நீண்டு பரந்தது. சிவப்புப் புள்ளியைவிட வேகமாக நகர்ந்து, அதை நெருங்கி, சுற்றிக் கடந்து, மறுபக்கம் போய் மறுபடி நெருங்கியது. தென் வெப்பமண்டலக் குழப்பம் என்று அதற்குப் பெயர் விழுந்தது. ஏறத்தாழ 40 ஆண்டுகள், 1939, 1940 வரை, உலகெங்கும் வியாழன் பார்ப்பவர்கள் அதைத் தொடர்ந்தார்கள். ராட்சதக் கோளின் மேல் முகம் என்பது திண்ணிய தரையல்ல, ஓயாத காற்றும் மேகமும்தான் என்பதற்கு இப்படியான நீண்ட பதிவுகளே அன்றைய சான்று.

1906இல் ஓய்வு பெற்ற மோல்ஸ்வர்த் இங்கிலாந்துக்குப் போகவில்லை, திருகோணமலையிலேயே தங்கிவிட்டார். 1908 கிறிஸ்மஸ் அன்று, 41 வயதில், அங்கேயே இறந்தார். செவ்வாயின் பெரும்பள்ளம் ஒன்று இன்று அவர் பெயரைத் தாங்குகிறது. கிழக்கு மாகாணத்தில் எத்தனை பள்ளிக்கூடங்களில் அந்தப் பெயர் சொல்லப்படுகிறது என்பது வேறு கேள்வி. துரையின் பொழுதுபோக்கு துரையோடு போயிற்று. கற்றுக்கொடுக்க ஆளும் இல்லை, கற்றுக்கொள்ளக் கருவியும் இல்லை. அந்தத் தலைமுறையிலேயே காரைதீவில் பிறந்து, விஞ்ஞானப் பட்டம் பெற்று, பின் துறவியான சுவாமி விபுலாநந்தர், கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை எழுப்பினார். யாழின் சுரக்கணக்கை 12 ராசி வட்டத்தில் வைத்து யாழ் நூலில் விளக்கியவர் அவர். அவர் கையில் ஒரு தொலைநோக்கி கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

அதன் பிறகு வெகுகாலம் எதுவும் நடக்கவில்லை. நடந்ததெல்லாம் வேறிடத்தில்.

ஜேக்கப் நட்சத்திரத்தின் இடம் விலகுவதைத் தேடினார். பின்வந்தவர்கள் அதன் வேகத்தைத் தேடினார்கள். வியாழன் நம் சூரியனைப் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நொடிக்கு 12½ மீட்டர் வேகத்தில் முன்னும் பின்னும் ஆட்டுகிறது; மணிக்கு 45 கிலோமீட்டர். தொலைவிலுள்ள நட்சத்திரம் அந்த அளவு ஆடினால் அதன் ஒளி ஒருமுறை நீலப் பக்கமும் ஒருமுறை சிவப்புப் பக்கமும் நூலிழை அளவு நகரும். அதை அளக்கும் கருவி கைக்கு வந்தபின், 1995 அக்டோபர் 6ஆம் தேதி, மிஷேல் மேயோரும் டிடியே கெலோவும் 51 பெகாசி என்ற சூரிய வகை நட்சத்திரத்தின் கோளை அறிவித்தார்கள். வியாழனில் ஏறத்தாழ பாதி எடை, சுற்றிவர வெறும் 4.2 நாள். அவர்களுக்கு 2019இல் நொபெல் பரிசு. 1999இல் உப்சிலான் ஆந்திரமேடே என்ற நட்சத்திரத்தை மூன்று ராட்சதக் கோள்கள் சுற்றுவது தெரிந்தது. சூரிய வகை நட்சத்திரம் ஒன்றுக்கு ஒரு குடும்பமே உண்டு என்பதற்கு முதல் சாட்சி. கார்த்திகை, மார்கழியில் மழை விட்ட இரவு கிடைத்தால், அது மட்டக்களப்பில் வடக்கே வெறும் கண்ணுக்கே தெரியும்.

2019இல் சர்வதேச வானவியல் ஒன்றியம் தன் நூறாம் ஆண்டையொட்டி 112 நாடுகளுக்கு ஆளுக்கொரு நட்சத்திரத்தையும் அதன் கோளையும் பெயரிடக் கொடுத்தது. இந்தியா தன் நட்சத்திரத்துக்கு இயற்பியலாளர் பிபா சௌத்ரியின் பெயரால் பிபா என்று வைத்தது. இலங்கைக்கு வாய்த்தது எச்.டி. 205739. நட்சத்திரத்துக்குச் சாமய (அமைதி), கோளுக்குச் சமகிய (ஒற்றுமை) என்று பெயர் வைத்தார்கள். டிசம்பர் 17ஆம் தேதி பெயர்கள் அறிவிக்கப்பட்டன. அதே ஆண்டு ஏப்ரல் 21இல் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்திருந்தது. அமைதியை 300 ஒளியாண்டுக்கு அப்பால் வைத்தது பொருத்தமா, குத்தலா என்று ஊரில் எவரேனும் கேட்டிருந்தால் வியப்பில்லை.

சாமய சூரியனைவிடச் சற்றுப் பெரியது, சற்றுச் சூடானது. இன்று வந்து சேரும் அதன் ஒளி கிளம்பியபோது மட்டக்களப்புக் கோட்டையில் டச்சுக்காரர் இருந்தார்கள். வெறும் கண்ணுக்கு அகப்படாது. ஒரு நல்ல பைனாகுலர் போதும். புரட்டாசிக் கடைசியில், வடகீழ்ப் பருவ மழை தொடங்குமுன், இரவு ஒன்பது மணிக்குத் தெற்கே பாதி உயரத்தில், ஃபோமல்ஹாட் என்ற தனித்த வெள்ளிக்கு மேற்கே தேட வேண்டும்.

கோளைக் கண்டுபிடித்தவர்கள் மெர்சிடிஸ் லோபஸ்-மொரேல்ஸ் தலைமையிலான குழுவினர்; சிலியின் மெகலன் தொலைநோக்கியில் அளந்து 2008இல் எழுதினார்கள். சமகிய குறைந்தது வியாழனைப் போல் 1.37 மடங்கு எடையுள்ளது. பூமி இருக்கும் தூரத்தைவிடச் சற்றே உள்ளே, நீள்வட்டத்தில், 280 நாளில் ஒரு சுற்று. அதன் இழுப்பைக் கழித்த பிறகும் நட்சத்திரத்தின் வேகத்தில் சிறு நகர்வு மிஞ்சியது: நாளொன்றுக்கு நொடிக்கு 0.0649 மீட்டர். வெளிச்சுற்றில் இன்னொன்று இருக்கலாம் என்று அந்தக் குழு தன் கட்டுரையை முடித்தது. அது உறுதியாகுமானால், அதற்கும் ஒரு பெயர் தேவைப்படும்.